சொட்டு மருந்து எரிகிறது, நிறுத்திவிடலாமா?

கண் நலம் குறித்த இந்தப் பகுதிக்கு இம்முறை வந்த கடிதங்களைப் பிரித்து வைத்தபோது, கிளாக்கோமா எனப்படும் கண் நீர் அழுத்த நோய்க்காகச் சொட்டு மருந்து போட்டுவருபவர்களின் கடிதங்களே மிகுதியாக இருந்தன. நோயைப் பற்றிக் கேட்டவர்கள் மிகச் சிலர். மற்ற எல்லாரும் மருந்து தரும் தொல்லையைப் பற்றியே எழுதியிருந்தார்கள். ஆகவே இந்த இதழின் இடம் முழுவதையும் அவர்களுக்கே ஒதுக்குகிறேன். கடிதங்களைச் சுருக்கியிருக்கிறேன், பெயர்களை விட்டுவிட்டேன்.

கேள்வி: எனக்கு வயது 58. இரண்டு ஆண்டுகளாக இரவில் இரு கண்களுக்கும் லட்டானோபுரோஸ்ட் சொட்டு மருந்து போட்டுவந்தேன். போட்ட உடனே எரியும். காலையில் எழுந்தால் கண்கள் சிவந்து, மணலை அள்ளிப் போட்டதுபோல் உறுத்தும். பொறுக்க முடியாமல் மூன்று மாதங்களுக்கு முன் நிறுத்திவிட்டேன். எரிச்சல் போய்விட்டது, பார்வையிலும் எந்த மாற்றமும் இல்லை. இப்படியே இருந்துவிடலாமா? நிறுத்தியதை டாக்டரிடம் சொல்ல அச்சமாக இருக்கிறது.

பதில்: அம்மா, உங்கள் கடிதத்தின் கடைசி வரிக்கு முதலில் பதில் சொல்லிவிடுகிறேன். நிறுத்திய செய்தியை உங்கள் டாக்டரிடம் அப்படியே சொல்லுங்கள். இந்த வாரத்திலேயே போய்ச் சொல்லுங்கள். மருந்து போடுகிறேன் என்று நீங்கள் சொல்லி, கண் அழுத்தம் கூடியிருப்பதை அவர் பார்த்தால், இந்த மருந்து உங்களுக்கு வேலை செய்யவில்லை என்ற முடிவுக்குத்தான் அவர் வருவார். இரண்டாவது பாட்டிலைச் சேர்ப்பார், அல்லது தேவையே இல்லாத அறுவை சிகிச்சையைப் பற்றிப் பேசத் தொடங்குவார். வேறு விதமாகவும் இது நடக்கும். பல ஆண்டுகளுக்கு முன் என்னிடம் வந்துகொண்டிருந்த ஒரு பெரியவருக்கு, எப்போது அளந்தாலும் அழுத்தம் 15-ஐத் தாண்டாது. ஆனால் பார்வைப் பரப்புச் சோதனையில் கறுத்த பகுதி மட்டும் ஒவ்வொரு முறையும் கொஞ்சம் அகன்றிருக்கும். காரணம் புரியாமல் மூளை ஸ்கேன் வரை எடுக்கச் சொன்னேன். ஒருநாள் அவருடைய மனைவி, மடியில் இருந்த அவருடைய மூக்குக்கண்ணாடியைத் துடைத்துக்கொண்டே, "இங்கே வருவதற்கு மூன்று நாள் முன்னால்தான் ஐயா இவர் பாட்டிலையே தேடுவார்" என்றார். எரிச்சல் தாங்காமல்தான் அவர் அப்படிச் செய்திருக்கிறார். எரிகிறது என்று அவர் ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், அல்லது எரிகிறதா என்று நான் ஒரு வார்த்தை கேட்டிருந்தால், இழந்த பார்வையில் ஒரு பகுதியாவது அவருக்கு மிஞ்சியிருக்கும். அன்று முதல், "மருந்து போடுகிறீர்களா?" என்று நான் யாரிடமும் கேட்பதில்லை, "வாரத்தில் எத்தனை நாள் விட்டுப்போகிறது?" என்றே கேட்கிறேன்.

பார்வையில் மாற்றம் இல்லை என்று எழுதியிருக்கிறீர்கள். இந்த நோயின் கொடுமையே அதுதான். பார்வை நரம்பின் இழைகள் பட்டுப்போகும்போது முதலில் மங்குவது ஓரப் பார்வை. ஒரு கண் விட்ட இடத்தை மறு கண் நிரப்பிவிடும். நேர் பார்வை கடைசிக் கட்டம் வரை தெளிவாகவே இருக்கும். வலியும் இருக்காது. இந்தச் சொட்டு மருந்து பார்வையைக் கூட்டுவதற்காகக் கொடுக்கப்படுவது அன்று. இருப்பதைக் காப்பதற்காகக் கொடுக்கப்படுவது. ஆகவே போடும்போது பலன் தெரியாது, விடும்போது இழப்பும் தெரியாது. லட்டானோபுரோஸ்டின் பலன் நிறுத்திய சில வாரங்களுக்குள் முற்றிலும் நீங்கிவிடும். மூன்று மாதங்களாக உங்கள் கண் எந்தத் தடுப்பும் இல்லாமல் இருக்கிறது என்பதுதான் உண்மை நிலை. அழுத்தத்தில் ஒவ்வொரு புள்ளியும் கணக்கில் வரும் என்பதைச் சுவீடனில் தொடக்கநிலைக் கிளாக்கோமா நோயாளிகளை ஆண்டுக்கணக்கில் தொடர்ந்து கவனித்த ஆய்வு காட்டியிருக்கிறது. ஒரு மில்லிமீட்டர் பாதரச அளவு அழுத்தம் குறைந்தாலே, நோய் முற்றும் வாய்ப்பு ஏறத்தாழ 10 சதவீதம் குறைந்தது. உங்கள் மருந்து வழக்கமாக நான்கில் ஒரு பங்கு முதல் மூன்றில் ஒரு பங்கு வரை அழுத்தத்தைக் குறைக்கக்கூடியது.

இவ்வளவு சொல்லிவிட்டு, எரிச்சலைப் பொறுத்துக்கொள்ளுங்கள் என்று நான் சொல்லப்போவதில்லை. பத்து ஆண்டுகள், இருபது ஆண்டுகள் போட வேண்டிய மருந்தைப் பல்லைக் கடித்துக்கொண்டு யாராலும் போட முடியாது. உங்கள் எரிச்சலுக்கு மூன்று காரணங்கள் இருக்கலாம், மூன்றும் சேர்ந்தும் இருக்கலாம். முதலாவது, மருந்தே, இந்த வகை மருந்துகள் வெண்விழியின் மெல்லிய ரத்தக் குழாய்களை விரிப்பதால் கண் சிவக்கும். புதிதாகத் தொடங்குபவர்களுக்குச் சில வாரங்களில் இது பெரும்பாலும் தணிந்துவிடும். உங்களுக்கு இரண்டு ஆண்டுகளாகத் தணியவில்லை என்பதால், மற்ற இரண்டு காரணங்களின் மீதே எனக்கு ஐயம் அதிகம்.

இரண்டாவது, மருந்து கெட்டுப்போகாமலிருக்கச் சேர்க்கப்படும் பென்சால்கோனியம் குளோரைடு என்ற பொருள். கிருமிகளைக் கொல்லும் இந்தப் பொருளுக்குச் சோப்பின் குணம் உண்டு. கண்ணின் மீது படர்ந்திருக்கும் கண்ணீர்ப் படலத்தில் எண்ணெய்ப் பசை ஒன்று மேலாக இருக்கிறது. கண்ணீர் உலராமல் காப்பது அதுதான். சோப்பு எண்ணெயைக் கலைப்பதுபோல, இந்தப் பொருள் அந்தப் பசையைக் கலைத்துவிடுகிறது. நாளடைவில் கண்ணின் மேல்தோலையும் அரிக்கிறது. ஒரு பாட்டில் மட்டும் போடுபவருக்கே இப்படியென்றால், மூன்று பாட்டில்களை நாளுக்கு ஐந்தாறு முறை போடுபவரின் கண் என்ன பாடுபடும் என்று எண்ணிப் பாருங்கள். மூன்றாவது, வயதோடு வரும் கண் உலர்வும் இமை ஓர வீக்கமும். மாதவிடாய் நின்ற பெண்களுக்குக் கண் உலர்வு மிகுதி. ஏற்கெனவே உலர்ந்த கண்ணில் எந்தச் சொட்டு விழுந்தாலும் எரியத்தான் செய்யும். பழியை மருந்து ஒன்றே சுமக்கும்.

ஆகவே டாக்டரிடம் மூன்று செய்திகளைக் கேளுங்கள். இதே மருந்து, அல்லது இதே வகையைச் சேர்ந்த டாஃப்ளூபுரோஸ்ட் போன்ற ஒன்று, பாதுகாப்புப் பொருள் சேராத வடிவில் கிடைக்குமா என்று கேளுங்கள். உங்கள் கண்ணீரின் தன்மையையும் இமை ஓரத்தையும் ஒருமுறை சோதிக்கச் சொல்லுங்கள்; இமை ஓரத்தில் எண்ணெய்ச் சுரப்பிகள் அடைத்திருந்தால், வெதுவெதுப்பான ஈரத்துணியை மூடிய இமைகள் மீது ஐந்து நிமிடம் வைத்து, மெல்ல நீவி, சுத்தமாகத் துடைத்துவருவதே பாதித் தொல்லையைக் குறைத்துவிடும். மூன்றாவதாக, பாதுகாப்புப் பொருள் சேராத செயற்கைக் கண்ணீர் சொட்டைச் சேர்த்துப் போடலாமா என்று கேளுங்கள். போடலாம் என்றால், இரண்டு மருந்துகளுக்கும் இடையில் ஐந்து முதல் பத்து நிமிடம் இடைவெளி வேண்டும்; இல்லாவிட்டால் பின்னால் விழுவது முன்னால் விழுந்ததைக் கழுவி வெளியே தள்ளிவிடும்.

கண்வலி, வெளிச்சத்தைப் பார்த்தால் கூசுதல், பார்வை மங்குதல் ஆகியவை இருந்ததில்லை என்றால், டாக்டரைப் பார்க்கும் நாள் வரை காத்திராமல் இன்றிரவே மருந்தை மீண்டும் தொடங்கிவிடுவது நல்லது. இவற்றில் எதுவாவது இருந்திருந்தால், மருந்தைத் தொடும் முன் அவரைப் பாருங்கள். கண்ணுக்குள் அழற்சி, விழித்திரையின் நடுவில் நீர் கோத்தல், பழைய ஹெர்பிஸ் புண் மீண்டும் கிளம்புதல் ஆகியவை இந்த மருந்தால் அரிதாக வருவதுண்டு.

கேள்வி: எனக்கு வயது 66. ஆறு வாரங்களாகக் காலையும் மாலையும் டிமோலால் போடுகிறேன். கண்ணில் தொல்லை ஏதும் இல்லை. ஆனால் இப்போதெல்லாம் மாடிப்படி ஏறினால் மூச்சு வாங்குகிறது. உடல் சோர்ந்து கிடக்கிறது. எதிலும் மனம் செல்லவில்லை. வயதாகிவிட்டது என்று வீட்டில் சொல்கிறார்கள். கண்ணில் போடும் மருந்துக்கும் இதற்கும் தொடர்பு இருக்குமா?

பதில்: ஐயா, இந்த இதழ் உங்கள் கைக்கு வரும்வரை நீங்கள் காத்திருக்கக் கூடாது என்பதால் உங்களுக்குத் தனியாகவும் பதில் அனுப்பியிருக்கிறேன். இருந்தாலும் இங்கே அச்சிடுவதற்குக் காரணம், உங்களைப் போலவே இதை வயதின் மேல் போட்டுவிட்டு இருப்பவர்கள் பலர் என்பதுதான். தொடர்பு இருக்கலாம்; இருக்கிறதா என்று உடனே பார்த்தாக வேண்டும்.

டிமோலால் பீட்டா தடுப்பான் என்ற வகையைச் சேர்ந்தது. இதயத்தின் துடிப்பைக் குறைக்க மாத்திரையாகக் கொடுக்கப்படுவதும் இதே வகை மருந்துதான். 1978 முதல் கண் சொட்டாகப் பயன்பட்டுவரும் நல்ல மருந்து இது. எத்தனையோ பேரின் பார்வையைக் காத்திருக்கிறது. ஆனால் கண்ணின் மூக்கோரத்தில் கண்ணீர் வடியும் ஒரு துளை இருக்கிறது. அழும்போது மூக்கு ஒழுகுவது அதனால்தான். கண்ணில் விட்ட மருந்தின் பெரும்பகுதி அந்த வழியே மூக்குக்குள் இறங்கி, அங்கிருந்து நேராக ரத்தத்தில் கலந்துவிடுகிறது. விழுங்கும் மாத்திரையைக் கல்லீரல் முதலில் சிதைத்துக் குறைத்துத்தான் உடலுக்குள் விடும்; இதற்கு அந்தத் தடை கிடையாது. ஆகவே ஒரு சொட்டுத்தானே என்று எண்ண முடியாது. நாடித்துடிப்பு குறைதல், ரத்த அழுத்தம் தாழ்தல், மூச்சுக்குழாய் சுருங்குதல், சோர்வு, மனத்தளர்ச்சி, தாம்பத்திய ஆர்வம் குன்றுதல் ஆகிய அனைத்தும் இந்த மருந்தோடு தொடர்புடையவையே. கடைசியாகச் சொன்னதைப் பெரும்பாலான ஆண்கள் டாக்டரிடம் வாய்திறந்து சொல்வதே இல்லை.

மணிக்கட்டில் விரல் வைத்து, ஒரு நிமிடம் முழுவதும் உங்கள் நாடியை எண்ணுங்கள். 50-க்குக் கீழே இருந்தாலோ, மூச்சில் வீசிங் சத்தம் கேட்டாலோ, தலை சுற்றி மயக்கம் வருவதுபோல் இருந்தாலோ, அடுத்த சொட்டைப் போடாமல் அன்றே மருத்துவமனைக்குச் செல்லுங்கள். முந்தைய கேள்விக்குச் சொன்னதற்கு இது நேர்மாறாகத் தோன்றலாம். அங்கே மருந்தை விட்டால் கண்ணுக்கு ஆபத்து. இங்கே மருந்தைத் தொடர்ந்தால் உயிருக்கு ஆபத்து வரலாம். ஆஸ்துமாவோ, நாள்பட்ட மூச்சடைப்பு நோயோ, இதயத் துடிப்பில் அடைப்போ உள்ளவர்களுக்கு இந்த மருந்து ஆகாது. சிறு வயதில் இருந்து மறைந்துபோன ஆஸ்துமாவையும் கண் டாக்டரிடம் சொல்ல வேண்டும். நீரிழிவுக்கு இன்சுலின் போடுபவர்கள் இன்னொன்றைக் கவனிக்க வேண்டும்: சர்க்கரை தாழும்போது வரும் படபடப்பையும் நடுக்கத்தையும் இந்த மருந்து மறைத்துவிடக்கூடும். ரத்த அழுத்தத்துக்கு ஏற்கெனவே அட்டெனலால், மெட்டோபுரொலால் போன்றவற்றை உட்கொள்பவர்களுக்கு, இந்தச் சொட்டால் கண்ணுக்குக் கிடைக்கும் பலன் குறைவு, உடலுக்கு வரும் சுமை அதிகம்.

வேறு எந்த டாக்டரிடம் போனாலும், என்னென்ன மருந்து சாப்பிடுகிறீர்கள் என்று அவர் கேட்கும்போது, கண் சொட்டு மருந்தின் பெயரையும் சொல்லுங்கள். சாப்பிடுவதில்லை என்பதால் பலரும் அதை விட்டுவிடுகிறார்கள்; விளைவாக, இதயத்துக்கும் நுரையீரலுக்கும் சோதனை மேல் சோதனை எடுக்கப்படுகிறது, காரணமோ கண்ணருகே மேசையில் இருக்கிறது.

கேள்வி: ஒரு மாதத்துக்கு வர வேண்டிய பாட்டில் எனக்குப் பதினெட்டு நாளில் தீர்ந்துவிடுகிறது. உள்ளே போயிற்றா என்று ஐயமாக இருப்பதால் இரண்டு மூன்று சொட்டு விடுகிறேன். பாதி கன்னத்தில் வழிகிறது, தொண்டையில் கசக்கிறது. சரியாகப் போடும் முறை எது?

பதில்: பக்க விளைவுகளைக் குறைக்க நம் கையிலேயே இருக்கும் வழி இது என்பதால், உங்கள் கேள்வியை மிகவும் விரும்பி எடுத்துக்கொண்டேன். பாட்டிலில் இருந்து விழும் ஒரு சொட்டின் அளவு சுமார் 30 முதல் 50 மைக்ரோலிட்டர். கீழிமையின் உட்பக்கத்தில் இருக்கும் சிறு பை தாங்குவதோ அதிகம் போனால் 30 மைக்ரோலிட்டர். அதாவது, ஒரே சொட்டு விட்டாலும் கொஞ்சம் வழியத்தான் செய்யும். இரண்டாவது சொட்டால் கண்ணுக்குத் துளியும் பயனில்லை. அது கன்னத்துக்கும் மூக்குக்கும் மட்டுமே போகிறது.

கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். நாற்காலியில் தலையைப் பின்னால் சாய்த்தோ, படுத்துக்கொண்டோ, கூரையில் ஒரு புள்ளியைப் பாருங்கள். ஒரு கையின் ஆள்காட்டி விரலால் கீழிமையை மெல்லக் கீழே இழுத்தால், சிவந்த உட்புறம் ஒரு சிறு கிண்ணம்போல் விரியும். பாட்டிலைப் பிடித்த கையை, இழுத்த கையின் மேலேயே ஊன்றிக்கொள்ளுங்கள், நடுக்கம் அடங்கும். பாட்டிலின் முனை இமை மயிரிலோ கண்ணிலோ படக் கூடாது, பட்டால் உள்ளே கிருமி சேரும். ஒரு சொட்டு. உடனே கண்ணை மெல்ல மூடுங்கள். இறுக்கி மூடினாலும், படபடவென்று இமைத்தாலும் மருந்து வெளியே தள்ளப்படும். மூடியபடியே, மூக்குத்தண்டை ஒட்டிய கண் ஓரத்தை ஆள்காட்டி விரல் நுனியால் அழுத்தி இரண்டு நிமிடம் இருங்கள். சரியான இடத்தில் அழுத்தினால் எலும்பின் கடினம் விரலுக்குத் தெரியும். முந்தைய பதிலில் சொன்ன துளை இதனால் அடைபடுகிறது. மருந்து கண்ணிலேயே தங்குகிறது, ரத்தத்தில் கலப்பது பெருமளவு குறைகிறது. தொண்டையில் கசப்பு வரவில்லை என்றால் சரியாக அழுத்தியிருக்கிறீர்கள் என்று பொருள். கடைசியாக, கண்ணைச் சுற்றி வழிந்ததை ஈரப் பஞ்சால் துடைத்துவிடுங்கள்.

இரண்டு நிமிடம் என்று எழுதுவது எளிது. ஒருமுறை கடிகாரத்தைப் பார்த்துக்கொண்டு செய்துபாருங்கள். இதுவரை நீங்கள் அழுத்தியதாக நினைத்திருந்தது இருபது நொடிகூட இருக்காது. என்னிடம் வருபவர்களை என் எதிரிலேயே செயற்கைக் கண்ணீரைப் போட்டுக் காட்டச் சொல்கிறேன். பல ஆண்டுகளாகப் போட்டுவருபவர்களில் கூடப் பலருக்கு முதல் சொட்டு இமை மேல்தான் விழுகிறது.

கேள்வி: எனக்கு வயது 34. இடது கண்ணுக்கு மட்டும் பிமாட்டோபுரோஸ்ட் போடுகிறேன். அந்தக் கண்ணின் இமை மயிர்கள் நீண்டு அடர்ந்துவிட்டன, இமை கறுத்திருக்கிறது, கண் உள்ளே போனதுபோல் இருக்கிறது. டாக்டரிடம் இதைக் கேட்டால், பார்வையை விட அழகா முக்கியம் என்று எண்ணுவாரோ என்று தயங்குகிறேன்.

பதில்: தயங்க வேண்டாம், அம்மா. தன் முகத்தின் இரு பக்கமும் ஒன்றுபோல் இருக்க வேண்டும் என்று விரும்புவது வீண் ஆசை அன்று. இரு கண்களுக்கும் போடுபவர்களுக்கு வெளியே தெரியாத மாற்றம், ஒரு கண்ணுக்கு மட்டும் போடும் உங்களுக்குக் கண்ணாடியைப் பார்க்கும்போதெல்லாம் தெரியும். இமை மயிர் வளர்வது இந்த மருந்தின் உறுதியான விளைவு. அதை வைத்தே, இமை மயிர் குறைந்தவர்களுக்கான அழகு மருந்தாக இதே பிமாட்டோபுரோஸ்டை 2008-இல் அமெரிக்காவில் அனுமதித்தார்கள்.

நீங்கள் சொன்ன மூன்று மாற்றங்களும் பெரும்பாலும் நிலையானவை அல்ல. மருந்தை மாற்றினால் இமை மயிரும் இமைத் தோலின் நிறமும் சில மாதங்களில் பழையபடி திரும்பும். கண் உள்வாங்கியதுபோல் தெரிவதற்குக் காரணம், கண் குழியைச் சுற்றியுள்ள கொழுப்பு சுருங்குவது. இதுவும் மருந்தை விட்டால் பெரும்பாலும் சீராகும், ஆனால் மெதுவாக. திரும்பாதது ஒன்று உண்டு: கண்மணியைச் சுற்றியுள்ள நிறப்படலம் கறுத்தால் அந்த நிறம் அப்படியே நின்றுவிடும். பச்சையும் பழுப்பும் கலந்த கண்களில் இது பளிச்சென்று தெரியும். அடர் பழுப்புக் கண்களில் தெரிவது குறைவு. அந்த நிறமாற்றத்தால் பார்வைக்குக் கேடு எதுவும் இல்லை.

மருந்து போட்ட பின் இமையை நன்றாகத் துடைப்பது தோல் கறுப்பதைக் குறைக்கும். இதே வகையில் லட்டானோபுரோஸ்டுக்கு மாறினால் கண் உள்வாங்குவது குறையக்கூடும். வேறு வகைக்கே மாறுவதும், லேசர் செய்துகொள்வதும் உண்டு. உங்கள் வயதை எண்ணி ஒன்றைச் சேர்த்துச் சொல்கிறேன்: குழந்தை பெறும் எண்ணம் இருந்தால், கருத்தரிக்கும் முன்பே கண் டாக்டரிடம் சொல்லுங்கள். அப்போது சில மருந்துகளை மாற்ற வேண்டியிருக்கும்.

கேள்வி: பிரைமோனிடின் எட்டு மாதமாக எந்தத் தொல்லையும் இல்லாமல் ஒத்துக்கொண்டது. இப்போது இமைகள் வீங்கி, தாங்க முடியாத அரிப்பு. இத்தனை நாள் ஒத்துக்கொண்ட மருந்து திடீரென்று ஒவ்வாமல் போகுமா?

பதில்: போகும். இந்த மருந்தின் ஒவ்வாமை பல மாதங்கள் கழித்து வருவதுதான் வழக்கம். இது பழகிவிடும் வகை எரிச்சல் அன்று. டாக்டரிடம் சொல்லி மருந்தை மாற்றியாக வேண்டும், மாற்றிய சில நாட்களில் கண் தெளியும். மருந்துக் கடையில் கேட்டு, அரிப்புக்கு என்று ஸ்டீராய்டு கலந்த சொட்டை வாங்கிப் போட்டுவிடாதீர்கள். அரிப்பு உடனே அடங்கும். ஆனால் ஸ்டீராய்டு கண் அழுத்தத்தை ஏற்றக்கூடியது, கிளாக்கோமா உள்ளவர்களின் கண்ணில் இன்னும் எளிதாக ஏற்றக்கூடியது. பிரைமோனிடின் வாயை உலரவைக்கும், தூக்கம் வரவழைக்கும். வண்டி ஓட்டுபவர்கள் இதை நினைவில் கொள்ள வேண்டும். வீட்டில் கைக்குழந்தை இருந்தால் இந்தப் பாட்டில் எட்டாத இடத்தில் இருக்கட்டும். இரண்டு வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்கு இது மூச்சையே அடக்கிவிடக்கூடும்.

கேள்வி: பிரின்சோலமைடு போட்டதும் கண் முன் வெள்ளையாகப் புகை படர்ந்ததுபோல் இருக்கிறது. நோய் முற்றுகிறதா?

பதில்: இல்லை. அந்த மருந்து பால்போன்ற கலவை; போட்டதும் சில நிமிடம் மங்கலாகத் தெரிந்து பிறகு விலகிவிடும். பாட்டிலை நன்றாகக் குலுக்கிப் போடுங்கள். போட்ட உடனே படிக்கவோ வண்டி எடுக்கவோ வேண்டாம். இதே வகையைச் சேர்ந்த டோர்சோலமைடு மங்கல் தராது, ஆனால் அதிகம் எரியும். சல்ஃபா மருந்து ஒவ்வாதவர்கள் இரண்டைப் பற்றியும் டாக்டரிடம் முன்கூட்டியே சொல்ல வேண்டும். மங்கல் மணிக்கணக்கில் நீடித்தாலோ, விளக்கைச் சுற்றி வானவில்போல் வளையம் தெரிந்து கண்ணும் தலையும் வலித்தாலோ, அது மருந்தின் விளைவு அன்று. உடனே மருத்துவமனைக்குப் போக வேண்டிய அறிகுறி.

கேள்வி: மூன்று பாட்டில்கள், நாளுக்கு ஐந்து முறை. கண்கள் எப்போதும் சிவந்தே இருக்கின்றன. லேசர் செய்துகொண்டால் மருந்தே வேண்டாம் என்கிறார்களே?

பதில்: மருந்தே வேண்டாம் என்று எல்லாருக்கும் வாக்குக் கொடுக்க முடியாது; ஆனால் கேட்க வேண்டிய கேள்விதான். கண்ணீரல்லாத ஒரு நீர் கண்ணுக்குள்ளே ஓயாமல் சுரந்து, சல்லடைபோன்ற ஒரு பகுதி வழியாக வடிந்துகொண்டிருக்கிறது. அந்த வடிகாலை லேசர் ஒளியால் தூண்டிவிடும் சிகிச்சைக்கு எஸ்.எல்.டி. என்று பெயர். உட்காரவைத்து, மரத்துப்போகும் சொட்டு விட்டு, சில நிமிடங்களில் முடித்துவிடுவார்கள். பிரிட்டனில் புதிதாக நோய் கண்டறியப்பட்ட 718 பேரிடம் நடத்தி, 2019-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளியான ஆய்வில், லேசரை முதல் சிகிச்சையாகப் பெற்றவர்களில் ஏறத்தாழ நான்கில் மூன்று பேருக்கு மூன்று ஆண்டுகள் வரை சொட்டு மருந்து தேவைப்படவில்லை. அவர்கள் அதுவரை சிகிச்சை எதுவும் பெறாதவர்கள் என்பதைக் கவனியுங்கள். மூன்று மருந்துகள் வரை வந்துவிட்ட உங்களுக்கு ஒன்றோ இரண்டோ குறைந்தாலே பெரும் நன்மை என்று கொள்ள வேண்டும். பலன் தெரியச் சில வாரங்கள் ஆகும். சில ஆண்டுகளில் தேய்ந்தும் போகலாம், அப்போது மீண்டும் செய்யலாம். வடிகால் மூடிய வகை நோய்க்கு இது பொருந்தாது. உங்களுக்கு எந்த வகை என்பதைக் கேட்டுத் தெரிந்துகொள்ளுங்கள்.

லேசர் பொருந்தாவிட்டாலும், இரண்டு மருந்துகள் ஒரே பாட்டிலில் கலந்து கிடைக்கின்றன. ஐந்து முறை மூன்று முறையாகும். கண்ணில் விழும் பாதுகாப்புப் பொருளும் அந்த அளவுக்குக் குறையும். சிவந்த கண்ணை முதலில் ஆற்றிக்கொள்வது பின்னால் அறுவை சிகிச்சை தேவைப்பட்டாலும் உதவும். பல ஆண்டுகள் அழற்சியில் இருந்த கண்ணில் அந்த அறுவை சிகிச்சை தழும்பேறித் தோற்கும் வாய்ப்பு அதிகம்.

கேள்வி: அப்பாவுக்கு 79 வயது, கை நடுங்குகிறது. மருந்தைப் போட்டுவிட்டேன் என்கிறார். பாட்டிலோ தீர்வதே இல்லை. நான் போட்டுவிடுகிறேன் என்றால் கோபப்படுகிறார். அவருக்குத் தெரியாமல் டாக்டரிடம் சொல்லலாமா?

பதில்: தெரியாமல் சொல்லாதீர்கள் அம்மா, அவர் பக்கத்தில் இருக்கும்போதே சொல்லுங்கள், அதுவும் அவரிடம் முதலில் பேசிவிட்டு. ஏன் போடவில்லை என்று கேட்காமல், போடும்போது எது சிரமமாக இருக்கிறது என்று கேளுங்கள். எரிகிறதா, பாட்டிலை அழுத்த விரலுக்கு வலுவில்லையா, சொட்டு விழுந்ததா என்று தெரியவில்லையா, நேரம் மறந்துபோகிறதா என்பது ஒவ்வொன்றுக்கும் தீர்வு வேறு. படுத்துக்கொண்டு போட்டால் நடுக்கம் பாதி அடங்கும். கண்ணின் மேல் பொருத்தி அழுத்தும் உதவிக் கருவிகள் கிடைக்கின்றன. மருந்தின் தாளில் தடை இல்லை என்றால், பாட்டிலைக் குளிர்பதனப் பெட்டியில் வைத்துப் போடச் சொல்லுங்கள். குளிர்ந்த சொட்டு கண்ணில் விழுவது தெளிவாகத் தெரியும், கன்னத்தில் விழுந்தாலும் தெரியும். நாள்தோறும் தவறாமல் செய்யும் ஒரு வேலையோடு, பல் துலக்குவதைப் போன்ற ஒன்றோடு, நேரத்தைச் சேர்த்துவையுங்கள். ஒருவேளை விட்டுப்போனால் நினைவு வந்ததும் ஒரு சொட்டுப் போட்டால் போதும். ஈடுகட்ட இரண்டாகப் போட வேண்டாம்.

அவருடைய கோபம் மருந்தின் மேல் இருக்காது என்று நினைக்கிறேன். தன் கண்ணைத் தானே பார்த்துக்கொள்ள முடியவில்லை என்பதை ஏற்றுக்கொள்வது 79 வயதில் மிகவும் கடினம். ஆகவே மருந்தை அவரே போடட்டும், கண்ணோரத்தை அழுத்தும் இரண்டு நிமிடத்துக்கு நீங்கள் கடிகாரம் பார்த்துச் சொல்லுங்கள். அந்த அளவு உதவியைப் பலரும் மறுப்பதில்லை. டாக்டரிடம் போகும்போது பாட்டிலையும் எடுத்துச்செல்லுங்கள். பெரும்பாலான சொட்டு மருந்துகளைத் திறந்த நான்கு வாரங்களில் எறிந்துவிட வேண்டும். பழையதைக் கொட்டிவிட்டுப் புதிய பாட்டிலைத் திறக்கும் நாளில், திறந்த தேதியை அவர் கையாலேயே அதன் மேல் எழுதச் சொல்லுங்கள்.